கீசர் – வெந்நீர்க்கலன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போனால், படுக்கையறைக்கு அடுத்து விசாரிப்பது கீசரைத்தான். நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் அது பெரும்பாலும் கூரைக்குள் படுத்துக் கிடக்கும். 150 லிட்டர் கொள்ளும்.

சொல்லின் ஊர் ஐஸ்லாந்து. அங்கே பீறிட்டெழும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர் ‘கெய்சிர்’. ‘பீறிட்டுப் பாய்’ என்னும் வினையிலிருந்து வந்தது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் எரிவாயுவால் நீரைச் சுடவைக்கும் கருவி செய்து அதற்கு இந்தப் பெயரை வைத்தார். அதில் தொட்டியே இல்லை. ஓடும் நீர் ஓட்டத்திலேயே சூடாகும். தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொண்டதோ, நீரைத் தேக்கிவைக்கும் மின்சாரத் தொட்டியில்.

தமிழில் ‘கொதிகலன்’ என்பார்கள். பொருந்தாது. இதில் நீர் கொதிப்பதில்லை, 60 பாகை செல்சியஸில் நிற்கிறது. கொதித்தால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்று பொருள். ‘நீர்சூடேற்றி’ என்றால் கெட்டிலும் அடங்கிவிடும். ‘வெந்நீர்க்கலன்’ தான் சரி. வெம்மையும் நீரும் சேர்ந்து வெந்நீர். கலன் என்றதும் ‘தேக்கிவைப்பது’ என்ற செய்தி வந்துவிடுகிறது. (ஐஸ்லாந்து ஊற்றுக்கு ‘வெந்நீர்ப் பீச்சூற்று’ என்று தனியே சொல்லலாம். ஊறுவது வேறு, பீச்சுவது வேறு.)

செலவும் அந்தத் தேக்கத்தில்தான். 150 லிட்டரை 20 பாகையிலிருந்து 60க்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட், அதாவது கலனுக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பி, இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும் சூடு கசிந்துகொண்டே இருக்கும். கலனுக்குச் சூடுகாக்கும் போர்வை சுற்றுவதோடு, அதிலிருந்து வெளியேறும் சுடுநீர்க் குழாயின் முதல் ஓரிரு மீட்டருக்கும் உறை போடவேண்டும். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

புதுவீடுகளுக்கான தென்னாப்பிரிக்கக் கட்டட விதி சான்ஸ் 10400-எக்ஸ்ஏ, ஆண்டுச் சராசரி வெந்நீர்த் தேவையில் பாதியையாவது எலிமென்ட் அல்லாத வழியில் சுடவைக்கச் சொல்கிறது. கட்டடங்களுக்குத் தரப்படும் ‘எட்ஜ்’ பசுமைச் சான்றுக்கோ ஆற்றல், நீர், கட்டுமானப் பொருள் ஆகிய மூன்று வகையிலும் 20 விழுக்காடு மிச்சம் காட்டவேண்டும். காற்றிலுள்ள சூட்டை இழுத்து நீருக்குத் தரும் வெப்பப் பம்ப் பொருத்தினால் அந்த 7 யூனிட் வேலை இரண்டு இரண்டரையில் முடியும். சூரியத் தகடு என்றால் இங்கே வடக்கு பார்த்து, 30 பாகைக்கு மேல் சாய்த்து வைக்கவேண்டும். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் தெற்கே திருப்பினால் குளிர்காலத்தில் ஏமாற்றம்தான். டர்பனில் உறைபனி இல்லாததால் நீரை நேரடியாகத் தகட்டில் ஓடவிடலாம். ஜோகன்னஸ்பர்க்கில் அப்படிச் செய்தால் குழாய் வெடிக்கும்; உறையாத் திரவம் ஓடும் மறைமுக முறை வேண்டும்.

சான்று கட்டடத்துக்குத்தான். பிறகு பம்போ தகடோ பழுதானால் சிலர் செலவுக்கு அஞ்சிச் சாதாரண எலிமென்ட் கலனை மாட்டிவிடுகிறார்கள். ஆகவே பசுமை வீடு என்று கூடுதல் விலை சொன்னால், சான்றிதழோடு 12 மாத மின்கட்டணச் சீட்டையும் கேளுங்கள், கூரைக்குள் ஏறியும் பாருங்கள். விற்பனையின்போது தரப்படும் மின்சாரச் சான்று பாதுகாப்பை மட்டுமே சொல்லும், சிக்கனத்தை அல்ல.

ஏறியதும் கலனின் வால்வைக் கவனியுங்கள். சூடேறும்போது 150 லிட்டர் நீர் இரண்டு லிட்டருக்குமேல் விரியும். அந்நேரம் சொட்டினால் இயல்பு. நாள் முழுதும் சொட்டினால் உள்ளே வரும் நீரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.