அப்பாவின் அடிக்கணக்கும் அப்பாவின் நடையும்

இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் பலர் மொபைலை நீட்டி ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: "தினமும் எட்டாயிரம் அடி நடப்பார் டாக்டர், வாட்ச்லயே இருக்கு பாருங்க. எப்படி விழுந்தார்னே தெரியல." இந்த வாரமும் கேட்டாயிற்று. இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எத்தனை அடி வைத்தார் என்பது வேறு, எப்படி வைத்தார் என்பது வேறு. வயது ஏற ஏற, நிமிடத்துக்கு வைக்கும் அடிகள் பெரிதாகக் குறையாது. ஒவ்வோர் அடியும் குட்டையாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிக்கு 70 செ.மீ. நடந்தவர் ஒரு கிலோமீட்டரை ஏறக்குறைய 1,430 அடியில் கடப்பார். அது 50 செ.மீ. ஆகிவிட்டால் அதே தூரத்துக்கு 2,000 அடி வேண்டும். வாட்ச்சில் எண் ஏறியிருக்கும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நடையோ தேய்ந்திருக்கும். வாக்கர் பிடித்து நடப்பவர் என்றால் கை வீசமாட்டார். மணிக்கட்டு வாட்ச் பாதி அடிகளை எண்ணாமலே விட்டுவிடலாம். 10,000 என்ற இலக்கும் மருத்துவர்கள் சொன்னதல்ல, 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த எண். தயவுசெய்து அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

நாங்கள் கீழ்முதுகிலும் இரண்டு பாதங்களிலும் சிறிய சென்சார்களைக் கட்டி நடக்கச் சொல்வோம். திரையில் நான் முதலில் தேடுவது ஒழுங்கை. ஒரு குதிகால் தரையைத் தொட்டு, மறுபடி அதே குதிகால் தொடும் வரையான நேரம் நல்ல நடையில் ஓரிரு சதவீதம்தான் மாறும். விழும் அபாயம் உள்ளவருக்கு 1.10 நொடி, அடுத்து 1.25, அப்புறம் 1.05 என்று அலையும். இரண்டு பாதமும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரம் இளவயதில் நடக்கும் நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வயதானால் அதுவும் நீளும். நடந்தபடியே 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் சிலர் நின்றே விடுவார்கள். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்துகிறவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று 1997-லேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

சென்சார் இல்லாமலும் வீட்டில் ஒன்று பார்க்கலாம். தரையில் 4 மீட்டர் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குச் சற்று முன்னாலேயே நடக்கத் தொடங்கி, வழக்கமான வேகத்தில் கடக்கட்டும். 5 நொடிக்கு மேல் ஆனால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும்கூட நடையைக் குலைக்கும்.

சில வாரங்களில் நடை மாறியதா? ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குகிறதா? கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கிறாரா? "வயசாச்சு, அப்படித்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். பார்க்கின்சன், மூளையில் நீர் சேர்வது, பி12 குறைவு என்று கண்டுபிடித்து மருத்துவம் பார்க்க வேண்டிய காரணங்கள் பல உண்டு. திடீரென்று ஒரே நாளில் மாறினால் பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இருட்டும் நேரத்தில் "இன்னும் ரெண்டாயிரம் அடி பாக்கி இருக்குப்பா" என்று மட்டும் விரட்டாதீர்கள். களைத்த கால்தான் தடுக்கும். அந்த நேரத்தில் உறுதியான நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரட்டும், சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். பக்கத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.