கடின வட்டுக்கு என்ன கஷ்டம்?

போன வாரம் ஊரிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "ஏப்பா, டிவியில 'கடின வட்டு நிரம்பிவிட்டது'ன்னு வந்து நிக்குது. அதுக்கு என்ன கஷ்டமாம்?" வீட்டில் இருப்பது நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் வசதியுள்ள டிஷ் பெட்டி. பெரியம்மாவின் சீரியல்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. மெனுவைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தவன் நான் என்பதால் பழி என் தலையில் விழுந்தது.

ஹார்டு டிஸ்க்கைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். இந்தக் 'கடின வட்டு' எனக்குப் புதிதில்லை. கையேடுகளிலும் பொருள்களின் அட்டைப்பெட்டிகளிலும் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். பெரியப்பா கேட்ட கேள்விக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் பொருள். ஹார்டு டிஸ்க் என்பது காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் வேகமாகச் சுழல, அவற்றைத் தொடாமல் மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் மிதக்கும் ஒரு தலை எழுதியும் படித்தும் வருகிற சாதனம். டிஸ்க்குக்கு 'வட்டு' அருமையான சொல். நேற்று செய்ததும் இல்லை. "அரங்கின்றி வட்டாடியற்றே" என்கிறது குறள் (401). கட்டம் வரையாமல் காய் உருட்டுவதுபோல என்று பொருள். அங்கே வட்டு என்பது விளையாட்டுக் காய். இலங்கைத் தமிழர் சி.டி.யை இறுவட்டு என்கிறார்கள். ஆக, வட்டோடு எனக்குச் சண்டை இல்லை. அதன் முன்னால் ஒட்டிய 'கடின'தான் பிரச்சினை.

ஹார்டு என்ற அடைமொழி எப்படி வந்தது? 1956-இல் ஐபிஎம் இந்த வகைச் சாதனத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. எல்லாம் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் கொள்ளும். அப்போது அதற்குப் பெயர் வெறும் டிஸ்க். 1971-இல் அதே நிறுவனம் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் செய்த 8 அங்குல வட்டை வெளியிட்டது. பிடித்தால் துவளும் என்பதால் ஃப்ளாப்பி. துவளும் தம்பி பிறந்த பிறகுதான் அலுமினியத்தில் செய்த அண்ணனுக்கு 'ஹார்டு' என்ற அடைமொழி தேவைப்பட்டது. நம் ஊரிலும் இது நடந்ததுதானே. பிராய்லர் வரும்வரை கோழி வெறும் கோழி. வந்த பிறகு நாட்டுக்கோழி. தொடுதிரை போன் வந்த பிறகு பழையது பட்டன் போன். இப்படிப் பிறந்த பெயர்களை மொழிபெயர்க்கும்போது அந்தச் சொல் எதற்கு எதிராக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பார்க்காதவன் நாட்டுக்கோழியைத் தேசியக் கோழி ஆக்கிவிடுவான்.

ஃப்ளாப்பிக்கு நாம் 'நெகிழ்வட்டு' என்று பெயர் வைத்தோம். நல்ல பெயர். பாடப்புத்தகங்களில் படித்த தலைமுறையே உண்டு. நெகிழ்வதற்கு எதிர் எது? வன்மை. ஆகவே வன்வட்டு. ஹார்டுவேருக்கும் மென்பொருளின் எதிராக வன்பொருள் என்றுதான் வைத்திருக்கிறோம், கடினப்பொருள் என்று யாரும் சொல்வதில்லை. வன்பொருளைப் படித்த பிள்ளைக்கு வன்வட்டு சொல்லாமலே விளங்கும். இறுகிய நிலத்தை வள்ளுவரே வன்பால் என்கிறார். வன்சொல்லும் உண்டு. கைக்குத் தட்டுப்படும் கெட்டித்தன்மைக்கும் மனதின் கெட்டித்தன்மைக்கும் சேர்த்தே இந்த ஒட்டு உழைத்திருக்கிறது.

'கடின'மும் கெட்டி என்ற பொருள் உள்ளதுதானே, வடமொழியில் அதற்கு அதுதானே முதற்பொருள் என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். பள்ளிக்கூடத்தில் 'கடின நீர்' படித்தவர்கள்தான் நாம் எல்லாரும். அதை இப்போது பிடுங்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் பேச்சில் கடினம் என்றால் என்ன? கணக்குப் பரீட்சை கடினம். கடின உழைப்பு. பெரியப்பாவின் காதில் விழுந்ததும் அதுதான். வட்டு ஏதோ சிரமத்தில் இருக்கிறது! பாதி உண்மையும்கூட. நீங்கள் பார்க்கும் சேனலை அந்தப் பெட்டி ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் நேரலையை நிறுத்திவைத்து, தோசை வார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்க முடிகிறது. பழைய வீடியோ கேசட்டின் நாடாவில் இது நடக்காது. வட்டில் தலை ஒரு பக்கம் எழுதிவிட்டு, கண் இமைப்பதற்குள் இன்னொரு பக்கம் தாவிப் படித்துவிடும். 1999-இல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டிவி என்ற இரண்டு பெட்டிகள் கடைக்கு வந்தபோது பெரிய புதுமையாகத் தெரிந்தது இதுதான். சரி, உழைப்பாளி வட்டு என்று வேண்டுமானால் பாராட்டிக்கொள்ளலாம்.

'வன்தட்டு' என்று எழுதுகிற நண்பர்களும் உண்டு. பொருளில் குற்றமில்லை. உள்ளே அடுக்கியிருப்பவை பார்க்கத் தட்டுகள்போலத்தான் இருக்கும். ஆனால் பழைய புணர்ச்சிப்படி அது வன்றட்டு ஆக வேண்டும். வன்தொண்டரான சுந்தரர் ஏடுகளில் வன்றொண்டர் ஆனாரே, அப்படி. வன்றட்டு என்று எழுதினால் ஒருவருக்கும் புரியாது. வன்தட்டு என்று எழுதினால் இலக்கணக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். இந்த வம்பு வன்வட்டில் கிடையாது. அப்புறம் 'நிலைவட்டு'. கழற்றி எடுக்காமல் நிலையாக இருப்பது என்ற பொருளில் வைத்தார்கள். நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிற ஒன்றை நிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஒன்றை ஒரு விற்பனைத் தளத்தில் பார்த்தேன்: 'வெளிப்புற வன்'. அவ்வளவுதான். வன் என்ன? வன்முறையா, வன்கொடுமையா? வட்டைக் காணோம். எந்திரம் மொழிபெயர்த்திருக்கும், எந்த மனிதரும் படித்துப் பார்த்திருக்க மாட்டார். மனித மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. படமும் இல்லாமல், பெட்டியையும் காட்டாமல், அட்டவணையில் துண்டு துண்டாகச் சொற்களைக் கொடுத்து, சொல்லுக்கு இவ்வளவு காசு என்றால் அவர் ஹார்டுக்கு அகராதியைப் புரட்டி முதலில் கிடைப்பதை எழுதிவிட்டுப் போவார். ஆனால் அதைக் கடைசியில் தமிழ் தெரிந்த ஒருவர் திரையில் ஓட்டிப் பார்க்க அரை நாள் போதுமே. அந்த அரை நாளுக்குத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

பெட்டிக்கே என்ன பெயர் என்று கேட்டால், 'எண்ணிமக் காணொளிப் பதிவுச் சாதனம்' என்று மூச்சுவாங்க வேண்டாம். பதிவுப் பெட்டி போதும். பேச்சில் ரெக்கார்டர் என்று சொல்வதிலும், ஹார்டு டிஸ்க் என்று சொல்வதிலும் எனக்கு வருத்தமில்லை. நகைக்கடைத் திருட்டுச் செய்திகளில் 'கண்காணிப்பு கேமராவின் ஹார்டு டிஸ்க்கையும் கழற்றிச் சென்றனர்' என்று வரும்போது எல்லாருக்கும் புரிகிறது, திருடர்களுக்கும் சேர்த்து. தமிழில் சொல்கிறேன் என்று திரையில் எழுதுகிறவர்கள்தான் தமிழாகச் சொல்ல வேண்டும்.

பெரியப்பாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "இடம் இல்லையாம் பெரியப்பா, பழசை அழிக்கணும்" என்றேன். "அதை அப்படியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்றார். பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது: "எதையும் அழிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."