மாத்திரை போடும் முன்னே சிறுநீர் கொடுங்கள்

கடலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிரியல் மருத்துவராக இருக்கிறேன். சிறுநீர் கொடுக்க வருகிற எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "ஏற்கெனவே மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" முதலில் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். இரண்டாவது தடவை கேட்டால்தான், "மெடிக்கல்ல ரெண்டு வேளைக்கு வாங்கிப் போட்டேன்" என்று வரும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு அக்காவும் அப்படித்தான் சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. மீன் கூடையோடு தெருத்தெருவாகப் போய் விற்பவர். விடிகாலையில் கிளம்பினால் மதியம் வரை ஒதுங்க இடம் இல்லை. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்ததும் சூடு என்று நினைத்து மோரும் இளநீரும் குடித்துப் பார்த்திருக்கிறார். அடங்கவில்லை. கடையில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிப் போட, எரிச்சல் குறைந்தது. அப்புறம்தான் மருத்துவரிடம் போய், கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) எழுதிய சீட்டோடு எங்களிடம் வந்தார். இரண்டு நாள் கழித்து நாங்கள் கொடுத்த ரிப்போர்ட்டில் "கிருமி வளரவில்லை" என்று இருந்தது.

அந்த ரிப்போர்ட்டில் பிழை இல்லை. சிறுநீரில் இருந்த மருந்து, எங்கள் தட்டிலும் கிருமியை வளரவிடாமல் அடக்கிவிட்டது, அவ்வளவுதான். அவரோ நோய் போய்விட்டது என்று நிம்மதியாகக் கூடையைத் தூக்கினார். மூன்றாவது வாரம் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி. தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது.

இந்த முறை மருந்து தொடங்கும் முன்பே சிறுநீர் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மறுநாள் தட்டு முழுக்க இளஞ்சிவப்புப் புள்ளிகள், ஈ.கோலை என்ற கிருமி. அந்தக் கிருமியைப் பஞ்சுக்குச்சியால் இன்னொரு தட்டில் சாணி மெழுகுவது போல இடைவெளி இல்லாமல் தடவி, மேலே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய மருந்து வில்லைகளை வைத்தோம். இரவு முழுக்கச் சூடுபெட்டியில் இருக்கும். மருந்து கேட்கிற கிருமி என்றால் வில்லையைச் சுற்றி எதுவும் வளராத வட்டம் விழும். இவருடைய தட்டில் நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்சிம் மூன்றையும் ஒட்டி, வில்லையின் ஓரம் வரை கிருமி படர்ந்திருந்தது. வட்டம் விழுந்தவற்றில் மாத்திரையாகக் கொடுக்கக்கூடியது நைட்ரோஃபுராண்டாயின். ஆனால் அது நீர்ப்பையில் மட்டும்தான் வேலை செய்யும், சிறுநீரகத் தொற்றுக்கு உதவாது. வாய்வழி ஃபாஸ்ஃபோமைசினும் அப்படித்தான். அதனால் மருத்துவமனையில் படுக்கவைத்து, நரம்பில் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்கை ஏற்ற வேண்டியதாயிற்று. ரிப்போர்ட்டில் ஒரு மருந்துக்கு நேராக "எஸ்" (கிருமிக்கு அந்த மருந்து கேட்கும்) என்று இருக்கிறதே என்று நீங்களே போய் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

"மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு" என்பார்கள் நம் ஊரில். பழகுவது உடம்பு இல்லை, கிருமி. ஈ.கோலை நம் எல்லார் குடலிலும் குடியிருப்பது. அங்கே இருக்கும் வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. அங்கிருந்து சிறுநீர்த்தாரைக்கு வந்து மேலே ஏறினால்தான் நோய். பெண்களுக்கு அந்தத் தாரை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான், சீக்கிரம் ஏறிவிடும். போன மாதம் சளிக்கென்று தேவையில்லாமல் போட்ட ஆன்டிபயாடிக்கும் குடலுக்குத்தான் போகிறது. அதற்குச் சாகிற கிருமிகள் செத்துவிட, சாகாதவை அந்த இடத்தில் பெருகும். எதிர்ப்புக்கான மரபணுக்களை ஒரு சின்ன வளையமாகப் பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றவும் அவற்றுக்குத் தெரியும், வேறு இனக் கிருமியாக இருந்தாலும். ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருக்கலாம். அதனால் ஒருவர் ஆயுளில் தொட்டே பார்க்காத மருந்தும் அவருக்குக் கேட்காமல் போகிறது.

மெரோபெனம் இருக்கிறதே என்றும் இருந்துவிட முடியாது. அதையே உடைக்கும் என்.டி.எம். என்ற நொதி 2009இல் முதன்முதலாக ஆய்விதழில் பதிவானது. அடுத்த ஆண்டே சென்னையில் எடுத்த கிருமிகளிலும் இருப்பது தெரிந்தது. செஃபிக்சிம் போன்ற மருந்துகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, வாங்கியவர் விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 அட்டவணை விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள்.

சரி, கல்ச்சர் என்றால் இரண்டு நாள் வலியோடு காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். சிறுநீரைக் கொடுத்த கையோடு மருத்துவர் சொல்லும் மருந்தைத் தொடங்கலாம். ரிப்போர்ட் வந்ததும் தேவையானால் அவர் மாற்றுவார். நடுக்கக் காய்ச்சல், விலா வலி, வாந்தி இருந்தால் நேராக மருத்துவமனைதான். இன்னொன்று: எந்தத் தொல்லையும் இல்லாதவருக்குச் சிறுநீரில் கிருமி தெரிந்தால், பெரும்பாலும் மருந்தே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அப்படி விடக் கூடாது; தொல்லை இல்லாவிட்டாலும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

சிறுநீர் எடுக்கும் விதமும் முக்கியம். தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை நாங்கள் கொடுக்கும் டப்பாவில் நேராகப் பிடியுங்கள். தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் வேண்டாம். 2 மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்; நல்ல சூட்டில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். நெல்லிக்குப்பம், பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுவரலாம்.

அந்த அக்கா தேறி வந்து மறுபடி கூடை தூக்குகிறார், தூக்குவாளியில் தண்ணீரோடு. போன மாதம் மருமகளுக்கு மூன்றாவது மாதம் என்று சிறுநீர் கொண்டுவந்தார். எங்கள் டப்பாவை இரண்டு கவரில் சுற்றி, ஒரு பழைய டிபன் பாக்ஸுக்குள் ஐஸ் போட்டு நடுவில் வைத்திருந்தார். நான் கேட்கும் முன்பே, "அவ மாத்திரை எதுவும் போடல மேடம்" என்றார்.