‘எல்லை மீறிய மாசு’ என்று எழுதலாமா?

ஒரு நாட்டிலோ மாநிலத்திலோ எழும் புகை அதன் எல்லையைத் தாண்டி அடுத்தவரின் நுரையீரலுக்குள் போய்ச் சேர்வதை ‘டிரான்ஸ்பவுண்டரி’ காற்று மாசு என்கிறார்கள். ‘டிரான்ஸ்’ இலத்தீன் முன்னொட்டு. குறுக்கே, அப்பால் என்று பொருள். ‘பவுண்டரி’ என்றால் எல்லை. ‘மாசு’ நம் பழஞ்சொல். ‘மாசறு பொன்’ என்பதில் உள்ள அதே மாசு.

சிக்கல் இடையில் வரும் வினையில் இருக்கிறது. செய்திகளில் ‘எல்லை மீறிய காற்று மாசு’ என்றே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். இது பிழை. தமிழில் எல்லை என்றால் நாட்டின் விளிம்பு மட்டுமல்ல, அளவும்தான். ‘பேச்சு எல்லை மீறிவிட்டது’ என்றால் யாரும் வரைபடத்தைத் தேடுவதில்லை. ‘நகரில் எல்லை மீறிய காற்று மாசு’ என்ற தலைப்பைப் படிப்பவருக்கு, மாசின் அளவு கூடிவிட்டது என்றுதான் தோன்றும்.

இரண்டும் வேறு வேறு செய்திகள். பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத காற்று நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். வெளிநாட்டுப் புகை வராமலே ஓர் ஊர் அதை மிஞ்சலாம். அந்த அளவுக்குள் இருக்கும் ஊரின் காற்றிலும் அயல்நாட்டுத் துகள் கலந்திருக்கலாம். முன்னதை உள்ளூரிலேயே தீர்க்க முடியும்; பின்னதற்கு அண்டை அரசோடு பேசியாக வேண்டும். காற்று மாசு குறித்து நாடுகள் செய்துகொண்ட 1979 ஜெனீவா உடன்படிக்கை பிறந்ததே அதற்காகத்தான்.

‘எல்லைப்புற மாசு’ என்பாரும் உண்டு. அது எல்லையோர ஊர்களின் தொல்லை என்று விஷயத்தையே சுருக்கிவிடுகிறது. 2015-இல் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் காலிமந்தானிலும் தீப்பற்றியபோது, கடலுக்கு அப்பால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகளை மூடினார்கள். ‘நாடு கடந்த மாசு’ என்பதும் போதாது. பஞ்சாப், அரியானா வயல்களில் நெல் தாளை எரிக்கும் புகை தில்லிக்கு வருகையில் அது கடப்பது மாநில எல்லையை.

‘எல்லை தாண்டிப் பரவும் காற்று மாசு’ என்பதே சரி. ‘பரவும்’ சேர்ந்ததும் எல்லை என்பது இடத்தைத்தான் குறிக்கும், அளவைக் குறிக்காது. ஒரு சொல் கூடுகிறது என்பார்கள். கூடட்டும்; பொருள் தெளிவாகிறதே! சுருக்கம் தேடிப் பொருளைத் தொலைப்பது மொழிபெயர்ப்பில் இன்று பெருநோயாகிவிட்டது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட வினையை எடுத்து ஒட்டுகிறார்கள். வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதில்லை. மருத்துவக் குறிப்புகளில் இது வெறும் நடைப் பிழையாக நிற்பதில்லை. பிஎம் 2.5 நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்கும். இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கும். ‘எல்லை மீறிய மாசு வரும்போது வெளியே செல்லாதீர்’ என்று படிக்கும் ஆஸ்துமா நோயாளி, தன் ஊரின் அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, அங்கே எது எரிகிறது என்பதும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.