பர்மிட்டில் இருக்கும் பஸ் ஏன் வரவில்லை? கடலூர், புதுச்சேரி பயணிகளுக்கு ஒரு விளக்கம்

எங்கள் ஊருக்குக் காலை 5.20-க்கு வரும் பஸ் அன்று வரவில்லை. அம்மாவின் ஜிப்மர் ஆஸ்பத்திரி ஃபைல், ஒரு தூக்கில் கஞ்சி, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு நிழற்குடையில் 6.10 வரை உட்கார்ந்திருந்தோம். வேறு பஸ்ஸில் கடலூர் வந்து, அங்கே புதுச்சேரி பஸ் பிடித்து, கோரிமேடு போய்ச் சேர்ந்தபோது சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் அந்த பஸ் ஆபீஸில் போய்க் கேட்டேன். "அந்த நடையில கலெக்‌ஷனே இல்லைங்க, விட்டுட்டோம்" என்றார்கள், ரொம்பச் சாதாரணமாக.

பர்மிட்டில் எழுதியிருக்கும் நடையை, அதாவது ட்ரிப்பை, அப்படி விட முடியாது. இந்த ஒரு விஷயம் நமக்குத் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை பேசித் தீரும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பயணிகள் பஸ் ஓட்ட பர்மிட் வேண்டும். இந்த ரூட்டில் ஓடலாம் என்ற அனுமதிதான் பர்மிட் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் 72-ஆம் பிரிவு அதைவிட நிறையச் சொல்கிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை நடை ஓட வேண்டும் என்று ஆணையம் நிபந்தனை போடலாம். ஒப்புதல் கொடுத்த கால அட்டவணையை வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் ஒட்டச் சொல்லலாம். அட்டவணையிலிருந்து எவ்வளவு நேரம் முன்பின் ஆகலாம் என்பதைக்கூட வரையறுக்கலாம். நிபந்தனையை மீறினால் 86-ஆம் பிரிவின்படி பர்மிட்டை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரம் உண்டு. அதற்குப் பதிலாக ஒரு தொகையைக் கட்டச் சொல்லவும் இடம் இருக்கிறது. பர்மிட்டுக்கு ஆயுள் 5 ஆண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும்.

அந்த ஆணையம் யார்? வட்டாரப் போக்குவரத்து ஆணையம். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. ஆர்டிஓ எனும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அதன் செயலர். போக்குவரத்துத் தொழிலில் பண ஆதாயம் உள்ள எவரும் அந்த ஆணையத்தில் இருக்கக் கூடாது என்று 68-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே நம் மனு போக வேண்டிய இடம் பஸ் ஆபீஸ் இல்லை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகம்.

அரசு பஸ்ஸுக்கு வழி கொஞ்சம் வேறு. போக்குவரத்துக் கழகத்துக்கென்று ஒரு தடத்தையோ பகுதியையோ அரசு திட்டமாக அறிவிக்கலாம். வரைவு வெளியான 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கடலூர் மாவட்டத்தில் ஓடுவது விழுப்புரம் கோட்ட பஸ்கள். இதில் ஒரு நடை குறைந்தால் அடி முதலில் விழுவது பெண்களுக்கு. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த உரிமை பஸ் வந்தால்தான் உரிமை. டவுன் பஸ்ஸே எட்டாத ஊர்களுக்குப் புதிய மினி பஸ் திட்டம் 2025 ஜூனில் தொடங்கியது: மொத்தத் தடம் 25 கிலோமீட்டர் வரை, அதில் 65 சதவீதமாவது பஸ் இல்லாத சாலையாக இருக்க வேண்டும்.

சரி, எல்லை விவகாரத்துக்கு வருவோம். நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. ரெட்டிச்சாவடியில் தமிழ்நாடு, முள்ளோடையில் புதுச்சேரி. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் எந்த வயல் எந்த மாநிலம் என்று வெளியூர்க்காரருக்குப் புரியாது. ஒரு மாநிலத்தில் வாங்கிய பர்மிட் மறு மாநிலத்தில் செல்ல அங்கே மேலொப்பம், அதாவது அந்த மாநில ஆணையத்தின் ஒப்புதல் கையெழுத்து, வேண்டும் என்கிறது 88-ஆம் பிரிவு. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவே அடுத்த மாநிலத்தில் 16 கிலோமீட்டருக்கு மேல் போகாவிட்டால் அந்த மேலொப்பம் தேவையில்லை. மற்றபடி எந்த ரூட்டில் எத்தனை பர்மிட் என்பது இரண்டு அரசுகளும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அதற்கான முன்மொழிவை அரசிதழிலும் தமிழ் நாளிதழிலும் வெளியிட்டு, கருத்துச் சொல்ல அவகாசம் தந்து, 30 நாளுக்குக் குறையாமல் கழித்துத்தான் பரிசீலிக்க வேண்டும். அந்த அறிவிப்பைப் பஸ் முதலாளிகள் தேடிப் படிக்கிறார்கள், நாம் படிப்பதில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 2010-இல் சட்டம் போட்டு ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைத்தார்கள். இன்று பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் கிடைக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டு அரசும் இரண்டு போக்குவரத்துக் கழகங்களும் தனியார் பஸ்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஜிப்மர் சீட்டு நேரம், கல்லூரி நேரம், கம்பெனி ஷிப்ட் நேரம் மூன்றையும் வைத்து அட்டவணை போட வேண்டும். இப்போது பஸ் நேரங்களை முடிவு செய்யும் டைமிங் கூட்டத்தில் பேச்செல்லாம் எந்த வண்டிக்கு முன்னால் எந்த வண்டி என்பதுதான். பயணிக்கு அங்கே ஒரு நாற்காலி வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது இது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் ஆர்டிஓ அலுவலகத்துக்கு எழுதி, உங்கள் ரூட்டின் பர்மிட் நிபந்தனைகளையும் ஒப்புதல் பெற்ற கால அட்டவணையையும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். புதுச்சேரிக்காரர்கள் அங்குள்ள போக்குவரத்துத் துறைக்கு எழுதலாம். அட்டவணை கைக்கு வந்ததும், பஸ் உண்மையில் வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். "பஸ் சரியாக வருவதில்லை" என்ற மனுவுக்கு "அறிவுறுத்தப்பட்டது" என்ற பதில்தான் வரும். தேதியும் நேரமும் இருந்தால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

நாங்கள் டீக்கடை தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். பஸ் வந்தால் நேரம், வராவிட்டால் ஒரு கோடு. கடைக்காரர் அவற்றைக் கம்பியில் குத்தி வைத்தார். ஒரு மாதத் தாள்களையும் ஜெராக்ஸ் எடுத்து, கால அட்டவணையோடு சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்திருக்கிறோம். மனு எண் வந்துவிட்டது. தாள் எழுதுவதை இன்னும் நிறுத்தவில்லை.