பழைய காகிதம், புதிய பொட்டலம்: ஹான்ஜி எப்படி இத்தனை காலம் தாங்குகிறது?

தூரத்தில் நின்று பார்த்தால் அந்தக் கலைப்படைப்பு நிலவின் பரப்பு மாதிரி இருக்கும். மேடு, பள்ளம், விண்கல் விழுந்து உண்டான குழி எல்லாம் தெரியும். கிட்டே போனால் அத்தனையும் பொட்டலங்கள். கையடக்கமான முக்கோணப் பொட்டலங்கள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றையும் பழைய புத்தகத் தாளில் சுற்றி, அதே காகிதத்தை முறுக்கிச் செய்த நூலால் கட்டியிருக்கிறார்கள். தாளில் கொரிய எழுத்தும் சீன எழுத்தும் அரைகுறையாகத் தெரியும். உள்ளே இருப்பது என்ன? தெர்மோகோல்.

தென்கொரியக் கலைஞர் சுன் குவாங் யங் 1990-களின் நடுவிலிருந்து இதையே செய்துவருகிறார். ‘அக்ரிகேஷன்’ என்பது இந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர். ஓவியமா சிற்பமா என்று கேட்டால் இரண்டும்தான். 2018-இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் இவற்றைக் காட்சிக்கு வைத்தது. 2022-இல் வெனிஸ் பினாலே என்ற உலகக் கலைத் திருவிழாவை ஒட்டி அங்கே ஒரு பழைய மாளிகையில் பெரிய கண்காட்சி நடந்தது. அந்தப் படைப்புகளைவிட அவற்றைச் சுற்றியிருக்கும் ஹான்ஜி என்ற கொரியக் காகிதம்தான் எனக்குப் பெரிய அதிசயம். பல பத்தாண்டுகள் பலர் கையில் புரண்ட புத்தகத்தின் தாளை எடுத்து மடிக்கிறார், இழுக்கிறார், முறுக்கி முடிச்சுப் போடுகிறார். அது கிழிவதில்லை.

வீட்டில் முப்பது வருடப் பழைய செய்தித்தாள் இருந்தால் எடுத்து மடித்துப் பாருங்கள். மடித்த இடத்திலேயே பொடியாக உதிரும்.

ஏன் இந்த வித்தியாசம்? செய்தித்தாள் மரத்தை அப்படியே அரைத்துச் செய்த கூழில் வருவது. மரத்தில் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளோடு லிக்னின் என்ற பொருளும் இருக்கிறது. மரத்தை விறைப்பாக நிற்கவைப்பது அதுதான். காகிதத்துக்குள் தங்கிவிட்டால் அதுவே வினை. வெளிச்சமும் காற்றும் பட்டதும் மாற்றமடைந்து பழுப்பாகும், கூடவே அமிலங்களும் உண்டாகும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து மை ஊறாமல் இருக்கக் காகித ஆலைகள் படிகாரம் சேர்த்ததும் அமிலத்தைக் கூட்டியது. செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்த சங்கிலி. அமிலம் அந்தச் சங்கிலியை அங்கங்கே வெட்டிக்கொண்டே போகும். வெளியே தாள் தாளாகத்தான் இருக்கும், உள்ளே நார் செத்துப்போயிருக்கும்.

ஹான்ஜியின் கதை வேறு. மூலப்பொருள் டாக் மரம். பட்டுப்பூச்சி தின்னும் மல்பெரிக்கு உறவான காகித மல்பெரி இனம். இதில் கட்டையை எடுப்பதே இல்லை, பட்டை மட்டும்தான். இலை உதிர்ந்தபின், குளிர்காலத்தில், அந்த வருடம் வளர்ந்த கிளைகளை வெட்டி, ஆவியில் அவித்துப் பட்டையை உரிக்கிறார்கள். கறுத்த மேல்தோலைச் சுரண்டி எடுத்தால் உள்ளே வெள்ளை நார். பட்டை நாரில் லிக்னின் மிகக் குறைவு, ஆகவே பாதிப் பிரச்சினை தொடங்குவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. இன்னொரு முக்கியமான சங்கதி நாரின் நீளம். சாதாரணக் காகிதக் கூழில் நார் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கும். டாக் நார் சராசரியாகப் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு வரும்.

நீளம் ஏன் முக்கியம்? காகிதத்தில் பசை கிடையாது. நாரும் நாரும் தொடும் இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன, காகிதத்தைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் அவைதான். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பலவீனமான பிணைப்பு. ஆனால் நீளமான நார் அதிக இடங்களில் மற்ற நார்களைத் தொடுகிறது. அதை உருவியெடுக்க வேண்டுமென்றால் அத்தனை பிணைப்பையும் அறுக்க வேண்டும்.

வெள்ளை நாரை அடுத்து சாம்பல் நீரில் வேகவைக்கிறார்கள். வைக்கோல், பக்வீட் என்ற தானியத்தின் தண்டு, சோயா தண்டு போன்றவற்றை எரித்த சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்தெடுத்த காரநீர் அது. மிச்சமுள்ள லிக்னினையும் நார்களை ஒட்டவைக்கும் பெக்டினையும் கரைத்துவிடும், செல்லுலோஸை அதிகம் சீண்டாது. காஸ்டிக் சோடா போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நாருக்கு அடி பலமாக விழும். பிறகு ஓடும் நீரில் அலசி, வெயிலில் வெளுக்கவிட்டு, தூசு துரும்பைக் கையால் பொறுக்கி, கட்டையால் அடித்து நாரைப் பிரிக்கிறார்கள். இங்கே நாரை வெட்டுவதில்லை, அடிப்பது மட்டும்தான். இப்படி வரும் காகிதம் நடுநிலையாகவோ லேசான காரத்தன்மையோடோ இருக்கும். அமிலம் உள்ளேயிருந்து தின்ன வழியில்லை.

சரி, இத்தனை நீள நாரைத் தண்ணீரில் போட்டால் சிக்குப் பிடிக்காதா? பிடிக்கும். அதற்குத்தான் ஒரு செடியின் வேரை நசுக்கி எடுத்த கொழகொழப்பான சாற்றைத் தொட்டியில் கலக்கிறார்கள். அந்தச் செடி நம் வெண்டையின் ஒன்றுவிட்ட சகோதரி, இரண்டும் ஒரே பேரினம். வெண்டைக்காய் நறுக்கும்போது கையில் ஒட்டும் வழவழப்பு எப்படியோ, அப்படித்தான் இதுவும். தண்ணீர் கெட்டியாகிவிடுவதால் நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் மிதக்கும். சல்லடையிலிருந்து நீர் மெதுவாக வடியும், நாரைப் பரப்ப அவகாசம் கிடைக்கும். வெயில் காலத்தில் இந்தச் சாறு சீக்கிரம் நீர்த்துவிடும். நல்ல ஹான்ஜி குளிர்காலத்தில்தான் வரும் என்று பழைய கைவினைஞர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிதான் வருகிறது. மூங்கில் பாய் விரித்த சட்டம் ஒன்று மேலிருந்து ஒற்றைக் கயிற்றில் தொங்கும். விளிம்புத் தடுப்பு கிடையாது. கைவினைஞர் முன்பக்கம் முகந்து பின்பக்கம் நீரை வழியவிடுவார், அடுத்து இடமாகவும் வலமாகவும் ஆட்டி வழியவிடுவார். தண்ணீர் ஓடும் திசையில்தான் நார் படியும். ஒரே திசையில் ஓடவிட்டால் காகிதம் ஒரு வாக்கில் சுலபமாகக் கிழியும். நான்கு பக்கமும் ஓடவிடும்போது நார் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்து, எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே பலம் கிடைக்கிறது. இப்படி எடுத்த மெல்லிய ஏடுகளில் இரண்டை, முனை மாற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரே தாளாக்குகிறார்கள். கனம் சமமாகிவிடும். கடைசியாக ஈரம் காட்டி அடுக்கி இடித்தால் பரப்பு வழவழப்பாகும்.

1966-இல் கியோங்ஜு நகரின் புல்குக்சா கோயில் கல்கோபுரத்துக்குள் தாரணி எனப்படும் பௌத்த மந்திரச் சுருள் ஒன்று கிடைத்தது. 751-க்கு முன்பு மரஅச்சில் அச்சிட்டது என்று கருதப்படுகிறது. சேதம் உண்டு, ஆனாலும் எழுத்தைப் படிக்க முடிந்தது. இன்று இத்தாலியின் சுவடிப் பாதுகாப்பு வல்லுநர்களே ஹான்ஜியைச் சீரமைப்பு வேலைக்கு ஏற்றதென்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சுன் இந்தக் காகிதத்துக்கு வந்துசேர்ந்த வழி சுற்றுவழி. 1944-இல் கங்வோன் மாகாணத்தின் ஹோங்சியோனில் பிறந்தவர். கொரியப் போர் தொடங்கியபோது வயது ஆறு. சியோலின் ஹோங்கிக் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போய் 1971-இல் பிலடெல்பியாவில் முதுகலை முடித்தார். அங்கே வியட்நாம் போர்க்காலம், பணமும் பண்டமும் பெருகிய காலம். அரூப ஓவியங்கள் வரைந்தார், ஆனால் அது தன்னுடையதாக அவருக்குப் படவில்லை. ஊர் திரும்பி வெகுகாலம் கழித்துத்தான் சிறுவயதில் உறவினரின் மூலிகை மருந்துக்கடையில் பார்த்த காட்சி கைகொடுத்தது. கூரையிலிருந்து கொத்துக்கொத்தாகத் தொங்கிய காகித மருந்துப் பொட்டலங்கள். மேற்குலகத்தாரின் பழக்கம் பெட்டியில் அடைப்பது, கொரியர்களின் பழக்கம் சுற்றிக் கட்டுவது என்று அவர் சொல்வதுண்டு.

பொட்டலம் கட்டும் நூலிலும் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. காகிதத்தை முறுக்கினால் நார்கள் சுருளாக ஒன்றையொன்று அழுத்துகின்றன. நூலை இழுக்க இழுக்க அந்த அழுத்தம் கூடும், உராய்வும் கூடும். நீள நார் இல்லாவிட்டால் இந்த வித்தை பலிக்காது. கொரியர்கள் இதே முறுக்கில் கூடையும் பாத்திரமும் பின்னியிருக்கிறார்கள், ஜோசன் அரச வம்சத்தின் காலத்தில் காகிதத்தில் கவசமே செய்திருக்கிறார்கள்.

நிலவுக் குழிகள்? சில படைப்புகளில் பொட்டலங்களின் உயரம் உண்மையிலேயே மாறுகிறது. சிலவற்றில் ஆழம் பெரும்பாலும் நிறத்தின் வேலை. தேநீரிலும் நிறமிகளிலும் காகிதத்தைச் சாயமேற்றி வெளிறியதிலிருந்து கருமைக்குப் படிப்படியாக அடுக்குகிறார். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று நம் மூளை தானாகவே எடுத்துக்கொள்ளும், மேல் விளிம்பு இருண்டிருந்தால் அதைக் குழி என்று தீர்மானித்துவிடும்.

ஒவ்வொரு முக்கோணத்தையும் தகவலின் ஓர் அலகு என்கிறார் சுன். அடுத்தடுத்து வைத்தால் சில இடங்களில் மோதும், சில இடங்களில் இணங்கும், மனிதர்களைப் போலவே என்பது அவர் கருத்து. பெருந்தொற்றின் மத்தியில் வெனிஸில் திறந்த கண்காட்சி, மனிதரும் பிற உயிர்களும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைப் பற்றியது. அதற்காக இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஸ்டெஃபானோ போயெரி கால்வாயோரத் தோட்டத்தில் ‘ஹான்ஜி ஹவுஸ்’ என்று மடிப்பு மடிப்பான ஒரு வீட்டையும் எழுப்பினார். சுற்றுச்சூழல் பேசும் கலையில் தெர்மோகோலா என்று முகம் சுளிக்கலாம், எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் வேதியியல் கண்ணில் காகிதத்தின் செல்லுலோஸும் தெர்மோகோலின் பாலிஸ்டைரீனும் இரண்டுமே நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். முதலாவதைப் பூச்சியும் பூஞ்சையும் தின்றுவிடும், ஈரம் பட்டால் கேடு. இரண்டாவதை மண் லேசில் செரிக்காது, ஆனால் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும். அந்தக் கதிர் உள்ளே போகாமல் தடுப்பது மேலே சுற்றிய பழைய புத்தகத் தாள்தான்.