ஒரே மூச்சில் 80 கிலோமீட்டர்: செவில் நகரம் சைக்கிளுக்குப் போட்ட கணக்கு

சைக்கிளுக்காக அரசு செலவு செய்கிறது என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் விலையில்லா மிதிவண்டிதான். அந்தப் பணம் வண்டிக்குப் போகிறது. வண்டி ஓட வேண்டிய பாதைக்குப் பணம் போட்டால் என்ன நடக்கும்? கொஞ்சம் போட்டால் கொஞ்சம் பலன், நிறையப் போட்டால் நிறையப் பலன் என்றுதான் தோன்றும். ஆனால் சைக்கிள் பாதை அந்த விகிதத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஏன் என்று பார்க்க ஸ்பெயினின் தெற்கே இருக்கும் செவில் நகரம் நல்ல உதாரணம்.

குவாடல்கிவிர் ஆற்றங்கரையில் சமதளத்தில் இருக்கும் ஊர். சுமார் 7 லட்சம் பேர் வாழ்கிறார்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். 2006 வரை அங்கே சைக்கிள் பாதை இல்லாமல் இல்லை. ஏறக்குறைய 12 கிலோமீட்டர் இருந்தது, ஆனால் இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. ஊரில் நடந்த பயணங்களில் சைக்கிளின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. இதை மட்டும் பார்த்தவர்கள் “இந்த வெயிலில் எவன் சைக்கிள் மிதிப்பான்?” என்று முடித்துக்கொள்ளலாம்.

அந்தத் துண்டுகள் ஏன் பயன்படவில்லை என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை போகும் வழியைப் பத்துத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் பயமில்லாமல் ஓட்டக்கூடியதாக இருக்க 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்தும் சேர்ந்து நன்றாக இருக்க வேண்டுமே! 0.8-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது சுமார் 11 சதவீதம். அதாவது ஒன்பது வழிகளில் ஒன்றுதான் தேறும். இப்போது ஒவ்வொரு துண்டின் வாய்ப்பையும் 90 ஆக்கினால் முழு வழியின் வாய்ப்பு 35 சதவீதமாகிறது. 95 ஆக்கினால் 60. கடைசியில் போடும் கொஞ்சப் பணம்தான் மிகப் பெரிய பலனைத் தருகிறது. முதலில் போட்ட பணமெல்லாம் அதுவரை தூங்கிக்கொண்டிருக்கிறது.

நிஜத்தில் துண்டுகள் இப்படித் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருப்பதில்லை. கணக்கு அந்த அளவுக்குத் தோராயம்தான். ஆனால் கருத்து சரி. எட்டு வயது மகளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டும் அம்மா, வழியில் ஒரே ஒரு சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே போக வேண்டியிருந்தால் அன்றைக்குச் சைக்கிளையே எடுக்க மாட்டார். ஒன்பது பங்கு சைக்கிளில் போய்விட்டு மீதி ஒரு பங்குக்குக் காரில் ஏறிக்கொள்ள முடியாதே.

சரி, செவில் என்ன செய்தது? 2003 தேர்தலுக்குப் பிறகு சோஷலிஸ்ட் கட்சி மேயர் ஆல்ஃபிரெடோ சான்செஸ் மான்டெசெய்ரினின் நிர்வாகத்தில் இஸ்கியேர்தா உனிதா என்ற சிறிய இடதுசாரிக் கூட்டணியும் சேர்ந்தது. சைக்கிள் பாதையை விடாப்பிடியாகக் கேட்டது அந்தச் சின்னக் கூட்டாளிதான். ஆலோசகர் மனுவேல் கால்வோ வரைந்த திட்டத்தில், ஊரின் முக்கியப் பகுதிகளை எல்லாம் தொடும் ஒரு முழு வலையை முதல் கட்டமாகவே போட்டுவிட வேண்டும் என்று இருந்தது. 2006-இல் தொடங்கிய வேலை, 2007 முடிவதற்குள் சுமார் 80 கிலோமீட்டரைத் தொட்டது. 2010-இல் 120 கிலோமீட்டர்.

இடம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். சாலையோரம் கார் நிறுத்தும் இடத்தில் சுமார் 5,000 கார்களுக்கான இடத்தை எடுத்துக்கொண்டார்கள். பாதையைச் சாலை மட்டத்தில் விடாமல் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, பச்சை நிறம் கொடுத்து, ஓரத்தில் தடுப்பும் வைத்தார்கள். வெறும் வெள்ளைக் கோடு என்றால் மறுநாளே அதன் மேல் கார் நிற்கும். அது எந்த ஊருக்கும் பொது. பார்க்கிங் போனது தெரிந்ததும் கார்க்காரர்கள் கொதித்தார்கள். ஆனால் அதற்குள் கான்கிரீட் காய்ந்துவிட்டது.

நாளொன்றுக்கு 6,000 சொச்சமாக இருந்த சைக்கிள் பயணங்கள் சில ஆண்டுகளில் 70,000-ஐத் தாண்டின. மொத்தப் பயணங்களில் சைக்கிளின் பங்கு 6 சதவீதத்தை எட்டியது. வெயில் அப்படியேதான் இருந்தது.

முழு வலைக்கும் ஆன செலவு ஏறக்குறைய 3.2 கோடி யூரோ. இதே ஊரில் 2009-இல் திறந்த மெட்ரோ வழித்தடத்துக்குச் சுமார் 80 கோடி யூரோ ஆனது, அதில் நாளொன்றுக்கு 44,000 பயணங்கள் என்று நகரத் திட்ட அதிகாரிகள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். இந்த ஒப்பீட்டை நான் முழுதாக ஏற்க மாட்டேன். மெட்ரோவில் போகிறவர் பெரும்பாலும் தூரமாகப் போகிறார், மழையிலும் போகிறார். ஆனாலும் 25 மடங்கு விலை வித்தியாசத்தை அப்படி ஒதுக்கிவிடவும் முடியாது.

அப்புறம் பராமரிப்புச் செலவு. இதில் இயற்பியல் சைக்கிளின் பக்கம் நிற்கிறது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தனிச் சாலைகள் போட்டு, அவற்றின் மேல் லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து கிடைத்த தோராய விதி: சாலைக்கு ஏற்படும் தேய்மானம், அச்சின் மேல் விழும் எடையின் நான்காம் படியைப் பொறுத்தது. எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. ஆளோடு சேர்த்து 90 கிலோ உள்ள சைக்கிளில் ஓர் அச்சுக்கு 45 கிலோ. 1,500 கிலோ காரில் ஓர் அச்சுக்கு 750 கிலோ. எடை 17 மடங்குகூட இல்லை, சேதமோ சுமார் 77,000 மடங்கு. சைக்கிள் பாதையை நாசம் செய்வது சைக்கிள் அல்ல. மர வேரும், மழைநீரும், குழி தோண்டிவிட்டு மூடாமல் போகிறவர்களும்தான்.

வண்டிக்கும் ஒரு வழி செய்தார்கள். 2007-இல் வந்த ‘செவிசி’ என்ற பொதுச் சைக்கிள் சேவையில் சுமார் 2,500 வண்டிகள். அதை நடத்தியது ஜேசிடெக்கோ என்ற விளம்பர நிறுவனம். நகரில் விளம்பரம் வைக்கும் உரிமையோடு பிணைந்த ஒப்பந்தம் அது.

அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. இரு திசையிலும் சைக்கிள் போகும் பாதைக்குப் பல இடங்களில் கிடைத்த அகலம் இரண்டரை மீட்டர்தான். சில திருப்பங்கள் சட்டென்று வெட்டுகின்றன. நடைபாதை மட்டத்திலேயே இருப்பதால் பேசிக்கொண்டே நடப்பவர்கள் பச்சைப் பாதைக்குள் வந்துவிடுகிறார்கள், மணி அடித்தாலும் நகர்வதில்லை. 2011-இல் ஆட்சி மாறிய பிறகு பாதை நீளும் வேகம் குறைந்தது, சைக்கிள் எண்ணிக்கையும் அந்த உச்சத்திலிருந்து இறங்கியது. அப்படிக் குறுகலாகப் போட்ட பாதையில் இப்போது காலையில் எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கிறது.